சாவடிக் கல்லில் "விரோதி ளு தை மீ": இது எந்த வருஷம்?

பாமணிக்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனம். இருநூறு வீடு தேறும். ஊர் நடுவில் ஒரு சாவடி இருக்கிறது. நாட்டு ஓடு, முன்பக்கம் நாலு கல்தூண், இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே ஒரே ஓர் அறை. உத்திரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு மாட்டுகிற இரும்புக் கொக்கி இன்னும் தொங்குகிறது. எனக்குத் தெரிந்து அது பால்வாடியாக இருந்தது, ரேஷன் கடையாக இருந்தது, இப்போது நெல் மூட்டையும் சாமியானா கம்பும் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஒரு பக்க ஓடு சரிந்துவிட்டதால் இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று பேச்சு. இடிப்பதற்குள் அதன் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று ஆசை.

வாசல் நிலைக்கு மேல் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அப்பிப் பாதி எழுத்து மூடிவிட்டது. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்:

உ
விரோதி ளு தை மீ ய...

அதற்குக் கீழே நாலைந்து வரிகள் இருக்கும்போல. "ளு", "மீ" எல்லாம் என்ன என்றே புரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் 500 வருஷம் என்கிறார், இன்னொருவர் வெள்ளைக்காரன் கிஸ்தி (நிலவரி) வாங்கக் கட்டியது என்கிறார். பள்ளிக்கூடம், நூலகம், தபால் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். எங்கே போய், எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

---

கல்லெழுத்து பதில்:

விரோதி என்றால் 1889-90. தை மாதம் என்பதால் 1890 ஜனவரி அல்லது பிப்ரவரி. பெரியவர் சொன்ன வெள்ளைக்காரன் காலம் சரியாகத்தான் இருக்கிறது. 130 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம், வாழ்த்துகள். இடிக்க விடாதீர்கள். உடனே கலெக்டருக்கு மனு கொடுங்கள்.

---

பழைய_கணக்கு பதில்:

தம்பி, மனுவை அப்புறம் எழுதலாம். கொஞ்சம் பொறுங்கள்.

நான் கிராம நிர்வாக அலுவலராக (விஏஓ) இருந்து ஓய்வு பெற்றவன். 1984இல் வேலையில் சேர்ந்தேன். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1980 நவம்பரில், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியம் (வரி வசூலிக்கிற ஊர்த் தலைவர்) பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் ஒழித்திருந்தது. பரம்பரையாகக் கணக்கு எழுதி வந்தவர்கள் ஒரே நாளில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள். அவர்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தது எங்களைப் போன்ற தேர்வு எழுதிய பையன்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! என் முதல் ஊரில் பழைய கணக்குப்பிள்ளை ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. கடைசியில் பேத்தி பள்ளிக்கூடச் சேர்க்கைக்குச் சான்றிதழில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. வந்தார், வாங்கினார், போனார். மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பரணில் இருந்து ஒரு சிவப்புத் துணி மூட்டையை இறக்கச் சொன்னார். வேப்பிலைச் சருகும் கரப்பான் எச்சமுமாக ஓர் ஊரே அதற்குள் இருந்தது. பழைய எழுத்தைப் படிக்க நான் கற்றது அவர் வீட்டுத் திண்ணையில்தான்.

உங்கள் கல்லுக்கு வருகிறேன். "ளு" என்று உங்களுக்குத் தெரிவது ளு இல்லை, வருஷத்துக்கான குறி: ௵. "மீ" மாதத்துக்கான குறி: ௴. தேதிக்கும் ஒன்று உண்டு, பார்க்க உ மாதிரியே இருக்கும்: ௳. பழைய பத்திரங்களில் எங்கும் இதைப் பார்க்கலாம். மேலே தனியாக இருக்கிற உ பிள்ளையார் சுழி, அதையும் தேதியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "ய" என்று எழுதியிருக்கிறீர்களே, அது ய இல்லை, ௰. தமிழ் எண்ணில் பத்து. அதற்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும், சுண்ணாம்புக்கு அடியில்.

கல்லெழுத்து சார் அவசரப்பட்டுவிட்டார். பிரபவ தொடங்கி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். விரோதி 1889-90இலும் வந்தது, 1949-50இலும் வந்தது, 2009-10இலும் வந்தது. கடைசியை விட்டுவிடலாம். முதல் இரண்டில் எது என்று சொல்லத் தேதியும் கிழமையும் வேண்டும். பழைய ஆட்கள் கிழமை போடாமல் கல் வெட்ட மாட்டார்கள்.

அதனால் சுண்ணாம்பை எடுங்கள். இரும்பு, உளி, ஆசிட் எதுவும் கூடாது. சாக்கை நனைத்து இரண்டு நாள் கல்லோடு ஒட்டிக் கட்டிவையுங்கள். ஊறினதும் தேங்காய் நாரால் தேயுங்கள், பள்ளத்தில் மூங்கில் குச்சி. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று மைதா பூசாதீர்கள், எறும்பு மொய்க்கும்.

அப்படியே இன்னொன்றும் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லைச் சுற்றிப் பூசியிருப்பது சுண்ணாம்புச் சாந்தா, சிமெண்டா? சுவர்ச் செங்கல் எவ்வளவு கனம்? கல்லில் இருப்பது கல்லை வைத்த தேதிதான். கட்டடம் அதற்கு முன்னாலும் நின்றிருக்கலாம்.

காகிதம் என்று பார்த்தால், முதலில் உங்கள் ஊர் விஏஓவிடம் அ பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய பதிவேட்டை, காட்டச் சொல்லுங்கள். சாவடி நிற்கிற புல எண்ணுக்கு நேரே குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். களம், மயானம், வாய்க்கால், சாவடி என்று புறம்போக்கின் (அரசுப் பொது நிலத்தின்) வகையை எழுதியிருப்பார்கள். இப்போது இருக்கிறது 1980களில் நடந்த யுடிஆருக்குப் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பிறகு எழுதியது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் (நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது) சாவடி என்றே இருந்தால் கட்டடம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம். திருவாரூர் மாவட்டம் 1997இல்தான் வந்தது. அதனால் பழைய தாள் எல்லாம் தஞ்சாவூர் பேரில் இருக்கும். தேடும்போது மாவட்டப் பெயரை மாற்றிச் சொல்லத் தவறினால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. கணக்கில் வருஷம் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருக்கும், 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1342 என்றால் 1932 ஜூலையில் தொடங்கின வருஷம்.

சத்திரம், தண்ணீர்ப்பந்தல், மடம் ஏதாவது இருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858இல் இனாம் கமிஷன் வைத்து, யார் யாருக்கு எதற்காக நிலம் விட்டார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். யார் விட்டது, யார் அனுபவத்தில் இருக்கிறது எல்லாம் அதில் வரும். சாவடிக்குப் பெரும்பாலும் இருக்காது.

பள்ளிக்கூடத்துக்குப் பெயரைக் கேட்டாலே போதும். கிழவர்கள் "போர்டு ஸ்கூல்" என்கிறார்களா? அப்படியானால் ஜில்லா போர்டு அல்லது தாலுக்கா போர்டு காலத்தது. தாலுக்கா போர்டை 1934இல் கலைத்தார்கள். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் வந்து, ஜில்லா போர்டும் போயிற்று. "யூனியன் ஸ்கூல்" என்றால் அதற்குப் பிந்தியது. (நம் தஞ்சாவூர் ஜில்லா போர்டு சாதாரணமானது இல்லை. மாயவரம் முத்துப்பேட்டை ரயில் பாதையையே சொந்தமாகப் போட்டது, 1894இல் வண்டி ஓடியது.) பழைய பெஞ்சு, பீரோ இருந்தால் திருப்பிப் பாருங்கள். 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தி ஊராரே பள்ளிக்கு வேண்டியதை வாங்கிக்கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரைப் பெயிண்டில் எழுதிவைத்திருப்பார்கள். சத்துணவுக் கூடம் 1982 ஜூலைக்கு முன்னால் இருக்க வழியில்லை, திட்டமே அப்போதுதான் தொடங்கியது. நூலகம் 1948 சட்டத்துக்குப் பிறகு. தபால் ஆபீசை விட்டுவிடுங்கள், அது வாத்தியார் வீட்டுத் திண்ணையில் தொடங்கியிருக்கும், திண்ணைக்கு ஆவணம் கிடையாது.

உத்திரமேரூர்க்காரர்கள் மாதிரி எல்லாரும் இருந்துவிட்டால் நமக்கு இந்த வேலையே இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வாரியத்துக்கு ஆளை எப்படிக் குடவோலையில் எடுப்பது என்று சபை கூடுகிற மண்டபத்துச் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள்.

---

பாமணிக்கரை பதில்:

ஐயா, மிக்க நன்றி. முதலில் ஒரு திருத்தம்: நான் தம்பி இல்லை, தங்கச்சி.

நீங்கள் சொன்னபடி சாக்கு கட்டினோம். இரண்டு நாள் போதவில்லை, நாலு நாள் ஆனது. பல வருஷத்துச் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் பேர்ந்து வந்தது, நடுவில் ஓர் அடுக்கு நீலம். இரவு எட்டு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நான் ஸ்டூல் மேல் நிற்க, கீழே வேடிக்கை பார்க்க முப்பது பேர். இப்போது முழு வரியும் தெரிகிறது:

விரோதி ௵ தை ௴ ௰௩ ௳ குருவாரம்

அதற்குக் கீழே நாலு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. மூன்று ஆண்கள். நாலாவது ஒரு பெண். பெயர் இல்லை, இன்னார் சம்சாரம் என்று மட்டும் போட்டிருக்கிறது, ஆனால் தொகை அவருடையதுதான் அதிகம். அந்த மூன்று ஆண்களின் பேரன்கள் படத்தை வாட்ஸாப்பில் சுற்றவிட்டுவிட்டார்கள். அந்த அம்மாவின் வீடு எது என்று இன்னும் தெரியவில்லை.

கல்லைச் சுற்றி சிமெண்ட். ஆனால் ஓடு சரிந்த பக்கம் சுவர் வாய் பிளந்திருப்பதில் பார்த்தேன், உள்ளே சுண்ணாம்புச் சாந்து, செங்கல் இரண்டு விரல் கனம்தான், சின்னச் சின்னதாக. அ பதிவேட்டில் "சாவடி" என்றே இருக்கிறது. பழைய பதிவேட்டின் நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

---

பழைய_கணக்கு பதில்:

மன்னிக்க வேண்டும் அம்மா. டார்ச்சும் ஸ்டூலும் படித்ததும் எனக்கே வந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

குருவாரம் என்றால் வியாழன். பெரிய பஞ்சாங்கத்தை எடுத்து இரண்டு விரோதியையும் போட்டுப் பார்த்தேன். 1890இல் தை 13 வியாழக்கிழமையில் வரவில்லை. அந்தத் தை பிறந்தது சாயங்காலம், பொழுது சாய்கிற நேரம். அதனால் ஒரு நாள் முன்னே பின்னே கணக்கு வரும், ஆனால் எப்படி வைத்தாலும் வெள்ளி அல்லது சனிதான். அதைக் கழித்துவிடலாம்.

1950. அந்த வருஷம் பொங்கல் ஜனவரி 14, சனிக்கிழமை. அதில் இருந்து பதின்மூன்றாவது நாளை எண்ணுங்கள். ஜனவரி 26, வியாழன்.

நான் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருந்தவர்களையும் எண்ணச் சொன்னேன். அம்மா, உங்கள் ஊர்க்காரர்கள் முதல் குடியரசு நாள் அன்று அந்தக் கல்லைப் பதித்திருக்கிறார்கள். அதைக் குடியரசு தினம் என்று எழுதாமல் விரோதி வருஷம் தை மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். கல் வெட்டியவருக்கு அந்தக் கணக்குதான் பழக்கம்.

கட்டடம் அதைவிடப் பழையது. செங்கல்லும் சாந்தும் அதைத்தான் சொல்கின்றன. எத்தனை பழசு என்பதைப் பழைய பதிவேடு வந்த பிறகு பேசலாம். நிலைக்கு மேல் சுவரைக் கொத்திக் கல்லைச் செருகி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நாலு பேர் பணம் கொடுத்து அன்றைக்கு என்ன செய்தார்கள்? ஓடு மாற்றினார்களா, முன்பக்கத் தூண்கள் அப்போது வந்தவையா? தூண் கல்லும் நிலைக்கு மேல் இருக்கிற கல்லும் ஒரே ஜாதிக் கல்லா என்று ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய்க் கேளுங்கள். அவர்கள் தட்டிப் பார்த்தே சொல்வார்கள்.

அதற்கு முன்னால் சாவடி யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம், பட்டாமணியார் கையில், அதாவது மணியம் பார்த்தவர் கையில். கிஸ்தி வாங்கினது அங்கே, ஜமாபந்திக்கு (வருஷாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை) முன்னால் கணக்கு எழுதினது அங்கே. 1888 கிராம நீதிமன்றச் சட்டப்படி சின்னச் சின்னக் கடன் வழக்கை விசாரிக்கிற அதிகாரமும் அவருக்கு உண்டு, அதுவும் அந்தத் திண்ணையில்தான் நடந்திருக்கும்.

கல்லெழுத்து சாருக்கு: கோபம் இல்லையே?

---

கல்லெழுத்து பதில்:

கோபம் என்ன, காது பிடித்துத் தோப்புக்கரணமே போடுகிறேன். 60 வருஷம் தள்ளிப்போனாலும் 1890ஐவிட இதுதான் பெரிய செய்தி.

---

கீழத்தெரு பதில்:

நானும் டெல்டாக்காரன்தான், உங்கள் ஊர் இல்லை. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பொதுக் கட்டடம், பொதுக் கட்டடம் என்று பேசிக்கொண்டே போகிறோம். யாருக்குப் பொது? எங்கள் ஊர்ச் சாவடியில் எங்கள் தாத்தா உட்கார்ந்தது இல்லை. கிஸ்தி கட்டப் போனாலும் தெருவில் நின்று, துண்டை விரித்துக் காசைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டம் இல்லாமல் இல்லை. பொதுக் கிணறு, பொதுப் பாதையில் தடுக்கக் கூடாது என்று 1938இலேயே எம். சி. ராஜா கொண்டுவந்த சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியிருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் அரசியல் சட்டம் 15ஆம் பிரிவிலும் இருக்கிறது: கிணறு, குளம், படித்துறை, பொதுமக்கள் கூடுகிற இடம். உங்கள் கல்லின் தேதியில் நடைமுறைக்கு வந்தது.

பழைய_கணக்கு ஐயா எல்லாக் காகிதத்தையும் சொன்னார். ஒன்றை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. முதல் நோட்டை எடுத்து எங்கள் தெருப் பிள்ளை முதல்முதலாக எந்தத் தேதியில், எத்தனையாவது எண்ணில் வருகிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் பள்ளி தொடங்கிப் பதினேழாவது வருஷத்தில் வருகிறது. தங்கச்சி உங்கள் ஊர்க் காலனியில் போய்க் கேட்டீர்களா? ஸ்டூலுக்குக் கீழே நின்ற முப்பது பேரில் அந்தப் பக்கத்து ஆள் இருந்தாரா?

---

பழைய_கணக்கு பதில்:

விட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் பதிவேட்டையே பார்த்த கண், பதிவேட்டில் வராதவர்களைப் பார்க்கத் தவறுகிறது.

---

பாமணிக்கரை பதில்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கீழத்தெரு அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது பேரில் ஒருவரும் இல்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

போன ஞாயிறு காலனிக்குப் போனேன். அங்கே ஒரு தாத்தா, வயது 84 என்கிறார், குடியரசு நாள் அன்று எட்டோ ஒன்பதோ இருக்கும். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு. சாவடிக் கல் என்றதும் "கொடி ஏத்துனாங்களே, அன்னைக்கா?" என்றார். நான் தேதியைச் சொல்லவே இல்லை. முன்பக்கம் அதற்கு முன்னால் கீற்றுப் பந்தல்தான் இருந்ததாம், கல்தூண் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதை இவர் நின்று பார்த்திருக்கிறார். பூந்தி கொடுத்தார்கள். திண்ணை மேல் நின்று கொடுத்தார்கள், இவர்கள் தெருவில் நின்று சட்டையை ஏந்தி வாங்கினார்கள்.

நாலாவது பெயரைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. வடக்குத் தெரு முடிவில் இப்போது மோட்டார் ஷெட் இருக்கிற மனையில் இருந்த அம்மா, பிள்ளை கிடையாது, புருஷன் செத்த பிறகு நிலத்தைத் தானே பார்த்தவர். இவருடைய அம்மா அந்த வீட்டில் நடவு வேலைக்குப் போனவராம். அந்த அம்மாவின் பெயரையும் சொன்னார். என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நீங்கள் எப்போது சாவடிக்குள் போனீர்கள் என்று கேட்டேன். அவர் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1952இல் முதல் தேர்தல், சாவடிதான் வாக்குச்சாவடி. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், திண்ணைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த ஆபீசர், "கீழே விட்டுட்டு வாங்க, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாராம்.

"அவர வாங்கன்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான்" என்றார் தாத்தா.